செம்மண் ஊரில் கார் மேட்டும் கார்பெட்டும்: புதிதாகக் கார் வாங்கியவர்களுக்கு

தீபாவளிக்கு முந்தின வாரம் காரை வாட்டர் சர்வீஸுக்கு விட்டேன். வாங்கி நாலு மாதம்கூட ஆகவில்லை. செகண்ட் ஹேண்ட்தான், ஆனாலும் முதல் கார். கடைப் பையன் வெளியே அடித்த அதே பிரஷர் கன்னைக் கதவைத் திறந்து உள்ளேயும் அடித்தான். கால் வைக்கிற இடத்திலிருந்து செம்மண் தண்ணீர் ஓடி வந்ததைப் பார்த்து எனக்கும் சந்தோஷம்தான். மூன்றாம் நாள் காலையில் கதவைத் திறந்தால், ஊறப்போட்டு மறந்துபோன கோணிச் சாக்கின் வாடை. பின்சீட்டுக்கு முன்னால் கார்பெட்டைக் கட்டைவிரலால் அழுத்தினேன். விரலைச் சுற்றித் தண்ணீர் மேலே வந்தது.

தெரிந்த மெக்கானிக் வந்து பார்த்தார். "மேலதாண்ணா காஞ்சிருக்கு, அடியில பஞ்சு பூரா ஊறிக் கெடக்கு" என்றார். முன்சீட்டு இரண்டையும் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி, அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுத்து, டேபிள் ஃபேன் போட்டு ஐந்து நாள் காயவைத்தோம். ஐப்பசி மழை வேறு. அப்புறம்தான் வாடை போனது.

கிருஷ்ணகிரியில் அதற்குப் பிறகு எத்தனையோ முறை என் காரையும் சொந்தக்காரர்களின் கார்களையும் சுத்தம் செய்துவிட்டேன். காரின் உள்ளே தண்ணீர்க் குழாயைக் கொண்டுபோனதே இல்லை. முக்கால்வாசி வேலை தண்ணீர் படாமலே முடிந்துவிடும். மீதிக்கு ஒரு மக் தண்ணீர் போதும்.

மேட் வேறு, கார்பெட் வேறு

புதிதாக வாங்குகிறவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள். மேட் என்பது கையால் எடுத்து வெளியே போடக்கூடியது. அதை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். கார்பெட் என்பது காரின் தரையோடு ஒட்டி, சீட்டுக்கு அடியிலெல்லாம் ஒரே துண்டாக ஓடுகிற துணி. அதற்குக் கீழே சத்தமும் சூடும் உள்ளே வராமல் இருக்கப் பஞ்சு மாதிரி ஒரு விரிப்பு இருக்கும். அதற்கும் கீழேதான் தகரம். பல கார்களில் ஒயர்க் கட்டுகளும் இந்தப் பஞ்சின் ஓரமாகத்தான் போகின்றன. ஏர்பேக் உள்ள கார்களில் சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் கனெக்டர் தெரியும். ஏர்பேக் சம்பந்தப்பட்டது, அதைக் கழற்றவும் கூடாது, நனைக்கவும் கூடாது.

பஞ்சு தண்ணீரைக் குடிக்கும், லேசில் திருப்பித் தராது. மேலே துணி காய்ந்து பொய் சொல்லும். அடியில் பூஞ்சை பிடிக்கும், தகரம் துருவேறும்.

முதலில் வாங்க வேண்டியவை

அதிகம் ஒன்றும் இல்லை. துணி துவைக்கிற பிரஷ் ஒன்று, கொஞ்சம் மிருதுவான பிரஷ் இன்னொன்று, நாலைந்து மைக்ரோ ஃபைபர் துணி, ஒரு பழைய டர்க்கி டவல், காரின் உட்புறத்துக்கான ஷாம்பு ஒரு பாட்டில், வெள்ளை வினிகர், சமையல் சோடா. வேக்குவம் கிளீனர் வீட்டில் இருந்தால் அதுவே போதும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகுகிற குட்டி வேக்குவமை அவசரப்பட்டு வாங்காதீர்கள். பெரும்பாலான கார்களில் அந்த சாக்கெட்டே 120 வாட்டுக்கு மேல் தாங்காது. அதில் ஓடும் மிஷின் பிஸ்கட் தூளை இழுக்கும், கார்பெட்டின் வேரில் உட்கார்ந்த மண்ணை இழுக்காது.

மண்ணை மண்ணாகவே வெளியேற்றுவது

நம் பக்கத்து மண் எப்படிப்பட்டது என்று வேப்பனப்பள்ளி, பர்கூர் பக்கம் மழை நாளில் தோட்டத்துக்குப் போய் வந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. செம்மண்ணுக்கு நிறம் கொடுப்பது அதில் இருக்கும் இரும்பு ஆக்சைடு. காய்ந்து இருக்கும்வரை அது வெறும் புழுதி. தண்ணீர் பட்டால் சாயமாக மாறி நூலுக்குள் இறங்கிவிடும். வெளிர் சாம்பல் நிறக் கார்பெட் காரர்கள் இதை இரண்டு தரம் படிக்கவும். சேற்றுக் காலோடு ஏறிவிட்டீர்களா? உடனே துடைக்கப் போகாதீர்கள். இரண்டு நாள் நன்றாகக் காயட்டும். காய்ந்த சேறு பாளம் பாளமாக உதிரும்.

கிரானைட் குவாரி, பட்டறைப் பக்கம் போய் வருகிறவர்களுக்கு வேறு தொல்லை. அந்த வெள்ளைத் தூள் பார்க்க மாவு போல இருந்தாலும் ஒவ்வொரு துகளும் கூர்மையானது. ஈரத்தோடு பிரஷ் போட்டுத் தேய்த்தால் உப்புத்தாள் தேய்ப்பதுபோல நூலை அறுக்கும். கால் வைக்கும் இடத்தில் கார்பெட் சீக்கிரம் மொட்டையாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே முதல் வேலை இப்படி. மேட்டையெல்லாம் வெளியே எடுங்கள். டிரைவர் பக்க மேட்டைத் தரையோடு பிடித்திருக்கும் கிளிப்பைத் திருகியோ மேலே தூக்கியோ விடுவியுங்கள், வெடுக்கென்று இழுத்தால் உடையும். முன்சீட்டு இரண்டையும் கடைசிவரை பின்னால் தள்ளி முன்பக்கத்தைச் சுத்தம் செய்யுங்கள், அப்புறம் முன்னால் தள்ளிப் பின்பக்கம். சீட்டு தண்டவாளத்தின் இடுக்கில் பழைய பெயின்ட் பிரஷ்ஷை விட்டுத் துழாவினால் டோல்கேட் சீட்டு, ஒரு ரூபாய்க் காசு, பொரிகடலை எல்லாம் வரும்.

கார்பெட்டில் வேக்குவமை வைப்பதற்கு முன்னால் துவைக்கிற பிரஷ்ஷின் முதுகால் டக் டக்கென்று தட்டுங்கள். வெறும் தரையாகத் தெரிந்த இடத்தில் சிவப்புப் பொடி மேலே குதித்து வருவதைப் பார்க்கலாம். கிட்டப் பார்த்தால் ஒவ்வொரு நூலின் அடியிலும் ஒட்டிக்கொண்டு இருந்த மண் அது. தட்டுவது, இழுப்பது, மறுபடி தட்டுவது. வேக்குவமின் வாயை விறுவிறுவென்று ஓட்டாமல், ஒரு முறை நீளவாக்கில், ஒரு முறை குறுக்குவாக்கில், மெதுவாக. நான் இந்த வேலைக்கு மட்டும் அரை மணி நேரத்துக்குமேல் செலவழிப்பேன். தட்டியும் பொடி வராத நிலை வந்தால்தான் அடுத்த வேலை.

வேக்குவம் இல்லையென்றால்? தென்னங்குச்சி விளக்குமாற்றைக் கைப்பிடி அளவு வெட்டிக்கொள்ளுங்கள், கார்பெட்டில் நன்றாக வேலை செய்யும். பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் குழாயை வாங்கி உள்ளே ஊதுவது மட்டும் வேண்டாம். புழுதி ஏசி ஓட்டைக்குள்ளும் சுவிட்சுக்குள்ளும்தான் போய் உட்காரும். வெளியே எடுத்துப் போட்ட மேட்டில் வேண்டுமானால் ஊதிக்கொள்ளுங்கள்.

மேட்டைக் கழுவுவது

ரப்பர் மேட் என்றால் கவலையே இல்லை. உதறி, குழாயைத் திறந்து, பாத்திரம் கழுவும் திரவம் கொஞ்சம் விட்டு, பிரஷ் போட்டு, நிழலில் சுவரில் சாய்த்து வையுங்கள். பளபளப்புக்காக டயர் பாலிஷ் பூசும் பழக்கம் சில சர்வீஸ் கடைகளில் உண்டு. பூச வந்தால் தடுத்துவிடுங்கள். பிரேக்கில் இருக்க வேண்டிய கால் வழுக்கிக்கொண்டு போகும்.

நூடுல்ஸ் மேட் என்று சொல்கிறோமே, சுருள் சுருளாக இருப்பது, அதுதான் நம் ஊர் மண்ணுக்குப் பெரிய கிடங்கு. மேலே சுத்தமாகத் தெரியும், தூக்கினால் கனக்கும். குப்புறப் போட்டு முதுகில் குச்சியால் அடியுங்கள், ஒரு கைப்பிடி மண் கீழே விழும். அப்புறம் குப்புறப் போட்டபடியே தண்ணீர் விடுங்கள். இதைக் காயவைக்க ஒரு முழுப் பகல் வேண்டும். சுருளுக்குள் நிற்கும் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது.

துணி மேட்டை உதறிய பிறகு ஷாம்பு நுரை போட்டுத் தேய்த்துக் கழுவலாம். முறுக்கிப் பிழியவோ மடித்துப் போடவோ கூடாது, பின்னால் இருக்கும் ரப்பர் பூச்சு வெடிக்கும். காம்பவுண்டு சுவரில் குறுக்காகத் தொங்கவிட்டால் அந்த மடிப்பு நிரந்தரமாகிவிடும். சரிவாக நிறுத்தி வைப்பதே நல்லது. வாஷிங் மிஷினில் போடலாமா என்று என் மைத்துனர் கேட்டார். போட்டார். ரப்பர் உரிந்து, டிரம்முக்குள் மண் சேர்ந்து, வீட்டில் மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை.

7டி மேட் இப்போது எல்லாக் கார்களிலும் போட்டுத் தருகிறார்கள். தோல் மாதிரி மெத்தென்று, தரை முழுக்க மூடி, பார்க்க அழகுதான். எனக்கு அது பிடிக்காது. மேலடுக்கைக் கழற்றிக் கழுவலாம், கீழே இருக்கும் தோல் போன்ற பகுதியை ஈரத்துணியால் துடைத்தால் போதும். வெயிலில் போட்டால் நெளிந்துகொள்ளும். தரையை முழுக்க மூடிக்கொண்டு இருப்பதால் அடியில் கார்பெட் நனைந்தாலும் உங்களுக்குத் தெரியாது. மாதம் ஒரு முறையாவது ஓரத்தைத் தூக்கி உள்ளே கை விட்டுப் பாருங்கள்.

போர் தண்ணீரின் குணம்

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் போர் தண்ணீரைப் பற்றிப் பேசினால் உடனே ஃபுளோரைடு ஞாபகம் வரும். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. கார்பெட்டுக்கு ஃபுளோரைடால் ஒன்றும் ஆகாது. நம்மைப் படுத்துவது அதே தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும். பாத்திரத்தில், பக்கெட்டில், கீசரில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் கறுப்பு ரப்பர் மேட்டில் திட்டுத் திட்டாகவும், கார்பெட்டில் மொடமொடப்பாகவும் வந்து நிற்கும்.

சோப்புக் கட்டியைத் தேய்த்தால் இன்னும் மோசம். கடினத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து பிசுக்காகிவிடும். அந்தப் பிசுக்கு அடுத்த நாளே புதுப் புழுதியைப் பிடித்துக்கொள்ளும். "போன வாரம்தானே கழுவினேன், அதற்குள் அழுக்கா?" என்று கேட்கிறவர்களில் பாதிப்பேர் சோப்பைச் சரியாக எடுக்காதவர்கள். ஷாம்பு அல்லது திரவ டிடர்ஜென்ட் பயன்படுத்துங்கள், இவை போர் தண்ணீரிலும் ஓரளவு வேலை செய்யும்.

மேட்டைப் போர் தண்ணீரிலேயே கழுவலாம். கடைசியில் அரை மக் தண்ணீரில் இரண்டு மூடி வினிகர் கலந்து ஒரு துடைப்பு, அப்புறம் காய்ந்த துணியால் ஒரு துடைப்பு, வெள்ளை வராது. கார்பெட்டுக்கு மட்டும் குடிதண்ணீர் ஒரு மக் எடுத்துக்கொள்ளுங்கள். சிலர் ஆர்.ஓ. மிஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்காமல் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். எண்ணம் நல்லது, ஆனால் வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

கார்பெட்டுக்கு நுரை மட்டும்

ஒரு மக் குடிதண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஷாம்பு. பிரஷ்ஷால் அடித்து நுரை எழுப்புங்கள். கார்பெட்டில் படவேண்டியது மேலே மிதக்கும் அந்த நுரைதான். முதலில் சீட்டுக்கு அடியில் யாரும் பார்க்காத ஓர் இடத்தில் போட்டு, சாயம் போகிறதா என்று வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள்.

ஒரு அடிக்கு ஒரு அடி இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மிருதுவான பிரஷ்ஷில் நுரையை அள்ளி, அழுத்தாமல், வட்டமாகத் தேய்க்கவும். நுரை பழுப்பாக மாறும். அதைக் காயவிடாமல் மைக்ரோ ஃபைபர் துணியால் வழித்து எடுங்கள். வேறு துணியைக் குடிதண்ணீரில் நனைத்து, ஒரு சொட்டுக்கூட வராத அளவு பிழிந்து, அதே இடத்தைத் துடையுங்கள். கடைசியாக டர்க்கி டவலை விரித்து அதன்மேல் ஏறி நின்றுவிடுங்கள். உங்கள் எடையே ஈரத்தை டவலுக்குள் ஏற்றிவிடும். அப்புறம் அடுத்த இடம். ஒரே நேரத்தில் முழுத் தரைக்கும் நுரை போட்டால், முதலில் போட்ட இடம் காய்ந்து அழுக்கு அங்கேயே திரும்ப உட்கார்ந்துவிடும்.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை. நாலாக மடித்த டிஷ்யூ பேப்பரைக் கார்பெட்டில் வைத்துக் கட்டைவிரலால் பத்து எண்ணும்வரை அழுத்துங்கள். மேல் மடிப்பு நனைந்தால் தண்ணீர் அதிகமாகிவிட்டது, ஃபேன் போடவேண்டும்.

நம் ஊர்க் கறைகள்

புதுக் காரில் விழும் முதல் கறை பெரும்பாலும் பூஜையன்றே விழுந்துவிடுகிறது. மஞ்சள். கறையைப் பார்த்ததும் பதறிப்போய் சோப்புப் போட்டால், மஞ்சள் இருந்த இடம் செக்கச்செவேலென்று ஆகும். ஆரத்தித் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறதே, அதே சங்கதி. சோப்பின் காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். பயப்பட வேண்டாம், வினிகர் கலந்த தண்ணீர் பட்டால் பழையபடி மஞ்சளாகிவிடும். ஆனால் போகாது. சரியான வழி, தூளாக இருக்கும்போதே வேக்குவம். ஒட்டிய மிச்சத்தை சானிடைசர் தொட்ட வெள்ளைத் துணியால் ஒற்றி எடுப்பது. அதற்கும் மிஞ்சியதற்கு வெயில். அந்தப் பக்கக் கதவைத் திறந்து, கறைமேல் நேராக வெயில் விழும்படி காரை நிறுத்துங்கள். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் தானாக வெளுக்கும், நாலைந்து நாள் பொறுமை வேண்டும்.

ஒகேனக்கல் போய் எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு, சரியாகக் குளிக்காமல் காரில் ஏறுகிற விருந்தினர்கள் எல்லார் வீட்டிலும் உண்டு. எண்ணெய்க் கறைமேல் தண்ணீர் ஊற்றினால் பரவும். சமையல் சோடாவைத் தாராளமாகத் தூவி, ஓர் இரவு விட்டு, காலையில் வேக்குவம். அப்புறம் பாத்திரம் கழுவும் திரவத்தின் நுரை. பென்னாகரம் தாண்டி மலை இறக்கத்தில் குழந்தை வாந்தி எடுத்துவிட்டால், கெட்டியானதை அட்டையால் வழித்துவிட்டு, குளிர்ந்த தண்ணீரால் ஒற்றுங்கள். பாலுக்கும் இதுவே. சுடுதண்ணீர் பட்டால் புரதம் வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும். வாடைக்கு என்சைம் கிளீனர் என்று கேட்டு வாங்கலாம், நாய் வளர்ப்பவர்களுக்கான பொருள் விற்கும் கடையில் கிடைக்கும்.

மாம்பழ சீசனில் டிக்கியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். தோப்பிலிருந்து நேராக எடுத்து வரும் காயில் காம்புப் பால் வடியும். அது பிசின். ரப்பரில் பட்டால் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்துப் பிறகு நுரை; கார்பெட்டில் பட்டால் எண்ணெய் வேண்டாம், சானிடைசர். பழம் நசுங்கிச் சாறு இறங்கினால் அன்றைக்கே துடைத்துவிடுங்கள். விட்டால் மறுநாள் காலையில் எறும்பு வரிசை டிக்கியிலிருந்து டேஷ்போர்டுவரை போகும். நானெல்லாம் இப்போது மே, ஜூன் இரண்டு மாதமும் டிக்கியில் பழைய ஃபிளெக்ஸ் பேனர் விரித்துவிடுகிறேன். ராயக்கோட்டையிலிருந்து தக்காளி வந்தாலும் அதன்மேல்தான்.

கறை போகவில்லையென்று பிளீச்சிங் பவுடரை எடுக்காதீர்கள். கார்பெட்டின் நிறம் போவது ஒருபுறம் இருக்கட்டும், அது வினிகரோடு கலந்தால் குளோரின் வாயு வரும். அடைத்த காருக்குள் உட்கார்ந்துகொண்டு செய்கிற காரியம் அல்ல.

காயவைப்பது

சித்திரை வெயிலில் காலையில் ஆரம்பித்தால் மாலைக்குள் கார் தயார். நாலு கதவையும் டிக்கியையும் திறந்து போடுங்கள். அதற்கு முன்னால் மேலே இருக்கும் லைட்டை அணைத்துவிடுங்கள். கதவு திறந்திருக்கும் நேரமெல்லாம் அது எரிந்து, மாலையில் பேட்டரி இறங்கி, தள்ளி ஸ்டார்ட் செய்யும் நிலைமை வந்திருக்கிறது எனக்கு. ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தள்ளிப்போடுவதுதான் நல்லது. தவிர்க்க முடியாவிட்டால் டேபிள் ஃபேனைக் கதவருகில் தரையைப் பார்த்து வைத்து நாலைந்து மணி நேரம் ஓட்டுங்கள். வெளியே போகும்போது ஏசியோடு ஹீட்டரையும் சேர்த்துப் போட்டால் உள்ளே இருக்கும் ஈரம் சீக்கிரம் இழுபடும். ஈரம் ஒன்றிரண்டு நாளுக்குமேல் நின்றால் பூஞ்சை ஆரம்பித்துவிடும். அதன்மேல் சென்ட் பாட்டில் தொங்கவிட்டுப் பயனில்லை.

கழுவாமலேயே நனைந்திருந்தால்

இடது பக்க முன்தரை காரணமில்லாமல் ஈரமாக இருந்தால் முதலில் ஏசியைச் சந்தேகப்படுங்கள். ஏசி ஓடும்போது காருக்கு அடியில் தண்ணீர் சொட்ட வேண்டும். சொட்டவில்லையென்றால் அந்தக் குழாய் அடைத்து, தண்ணீர் உள்ளே வழிகிறது. மெக்கானிக்குக் கொஞ்ச நேர வேலைதான். தண்ணீராக இல்லாமல் பிசுபிசுப்பாக, ஒருவித இனிப்பு வாடையோடு இருந்தால் அது இன்ஜினைக் குளிரவைக்கும் கூலன்ட், வண்டியை ஓட்டாமல் காட்டுங்கள்.

மழைக்குப் பிறகு மட்டும் நனைகிறதா? புளிய மரத்தடியில் நிறுத்துகிறீர்களா என்று யோசியுங்கள். நம் பக்கச் சாலைகளில் அந்த நிழலை விட்டால் வேறு நிழல் கிடைப்பதும் கஷ்டம். புளிய இலை எவ்வளவு சின்னது! வைப்பருக்கு அடியில் இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் வலைக்குள் நழுவிப்போய், தண்ணீர் வெளியேறும் ஓட்டையில் அடைத்துக்கொள்ளும். மழைத் தண்ணீர் வழி தெரியாமல் காருக்குள் இறங்கும். பானெட்டைத் திறந்து அந்த இலையை அள்ளிப் போடுவதை மழைக்காலத்துக்கு முன் ஒரு தடவை செய்துவிடுங்கள்.

மேட்டைத் திரும்பப் போடும்போது

இதில் அவசரம் கூடாது. 2009இல் அமெரிக்காவில் டொயோட்டா நிறுவனம் சுமார் 38 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணமே, மேட் நகர்ந்து ஆக்சிலரேட்டரில் சிக்கிக்கொள்ளலாம் என்பதுதான். டிரைவர் பக்கம் ஒரே ஒரு மேட்தான் இருக்க வேண்டும். பழைய மேட்டின்மேல் புது மேட், அதன்மேல் செய்தித்தாள் என்று அடுக்கக் கூடாது. கிளிப் 'டிக்' என்று மாட்டுகிறதா என்று பாருங்கள். கிளிப் உடைந்திருந்தால் புதிது வாங்கும்வரை அந்த மேட் டிக்கியிலேயே கிடக்கட்டும். மாட்டிய பிறகு, இன்ஜினை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால், மூன்று பெடலையும் ஒவ்வொன்றாகத் தரைவரை மிதித்து விடுங்கள். மேட் ஓரத்தில் தட்டாமல், தானாக மேலே வர வேண்டும். மேட்டைக் குதிகாலால் ஒரு முறை முன்னால் தள்ளிப் பார்த்து, இன்னொரு தடவை மிதியுங்கள்.